சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு புது வேலைக்குப் போவது எப்படி: அக்கவுண்ட்ஸ், ஜிஎஸ்டி வழி

ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில், சம்பளத்தை மட்டும் பார்த்து வேலையைத் தேர்ந்தெடுத்தால் மூன்றாவது மாதம் இடிக்கும். அந்த வேலைக்கு எந்தத் தேதியில், எந்த மணியில் ஆள் கட்டாயம் வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். நெருக்கடி எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிகிற வேலையைக் குழந்தையோடு சமாளித்துவிடலாம். இரவு 8 மணிக்குத் திடீரென்று போன் அடிக்கிற வேலையைச் சமாளிக்க முடியாது.

அப்படிக் காலண்டரில் குறித்து வைக்கக்கூடிய வேலைகளில் ஒன்று அக்கவுண்ட்ஸ், ஜிஎஸ்டி. ஆடிட்டர் ஆபீஸ், ஹார்டுவேர் கடை, ஸ்கேன் சென்டர், சின்ன ஃபேக்டரி என்று தாலுகா ஊர்களில்கூட இதற்கு ஆள் தேடுகிறார்கள். தமிழ்நாட்டில் டிகிரி முடித்து, கல்யாணம், குழந்தை என்று நாலைந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு, இப்போது வேறு துறைக்கு மாற நினைப்பவர்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. பி.காம். படித்திருந்தால் வசதி. பி.ஏ. தமிழ், பி.எஸ்சி. கணிதம் என்றால் ஒரு மாதம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஏழு நாள் நோட்டு

எந்தக் கோர்ஸுக்கும் பணம் கட்டும் முன் ஒரு பழைய நோட்டை எடுத்து ஒரு வாரத்துக்கு, காலை 5 முதல் இரவு 10 வரை, அரை மணிக்கு ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு அரை மணிக்கும் மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். குழந்தை பக்கத்தில் இல்லை அல்லது நன்றாகத் தூங்குகிறது என்றால் "முழு". குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது, ஒரு கண் அங்கே இருக்க வேண்டும் என்றால் "ஒரு கண்". சமையல், ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் "இல்லை".

ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் கிடைக்கும் என்று நினைத்திருப்பீர்கள். நோட்டைக் கூட்டிப் பார்த்தால் அதில் பெரும்பகுதி "ஒரு கண்" நேரமாக இருக்கும். அந்த நேரத்தில் வீடியோ பார்க்கலாம், பில்களை அடுக்கலாம். ரிட்டர்ன், அதாவது அரசுக்குக் காட்டும் வரிக் கணக்கு, போட முடியாது, ஜிஎஸ்டி எண்ணை ஒத்துப் பார்க்கவும் முடியாது. ஒரு இலக்கம் மாறினால் வேலையே தப்பு. எனவே "முழு" நேரத்தை மட்டும் வைத்துத் திட்டம் போடுங்கள். வாரத்துக்குக் குறைந்தது 8 மணி நேரம் "முழு" இருந்தால் படிப்பைத் தொடங்கலாம். அதற்குக் கீழே இருந்தால் முதல் வேலை கோர்ஸ் தேடுவது அல்ல, வீட்டில் யாரிடமிருந்தாவது நேரம் வாங்குவது. "கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் நேரம் கிடைக்காது. "செவ்வாய், வியாழன் ராத்திரி 8 முதல் 9:30 வரை பிள்ளையை நீங்க பாருங்க" என்று கிழமையும் மணியும் சொல்லிக் கேட்க வேண்டும். கணவர், மாமியார், அம்மா யாராக இருந்தாலும் கேட்கும் விதம் இதுதான்.

மதியத் தூக்கத்தை நம்பிப் படிப்புத் திட்டம் போடாதீர்கள். ஒன்றரை வயதில் இரண்டு மணி நேரம் தூங்குகிற பிள்ளை, மூன்று வயதில் தூங்கவே மாட்டேன் என்னும்.

மற்ற வழிகள், சுருக்கமாக

டீச்சர் வேலைக்கு பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. வகுப்புக்கும் பள்ளிப் பயிற்சிக்கும் நேரில் போக வேண்டும், கைக்குழந்தை இருக்கும்போது அதுதான் கஷ்டம். மெடிக்கல் கோடிங்கில், அதாவது நோயாளியின் சிகிச்சை விவரத்தை (சார்ட்) குறியீடாக மாற்றும் வேலையில், பெரும்பாலும் லைஃப் சயன்ஸ், நர்சிங், பார்மசி படித்தவர்களைத்தான் எடுப்பார்கள். இவ்வளவு மணி நேரத்துக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட் இருக்கும், நடுவில் எழுந்து போவது சிரமம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும், இன்டர்வியூ கிடையாது. 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 வாங்காவிட்டால் மீதியைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஆனால் அறிவிப்பு, தேர்வு, ரிசல்ட், கவுன்சிலிங் என்று காலம் நீளும். அதையே முழுதாக நம்பி உட்காராமல் பக்கத்தில் ஒரு கைத்தொழிலும் இருக்கட்டும்.

இந்த வேலையின் தேதிகள்

அக்கவுண்ட்ஸ் வேலையில் மாதம் முழுக்க ஒரே மாதிரி போவதில்லை. 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்து வைத்த வருமான வரி, கட்ட வேண்டும். 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவரம். 14-ஆம் தேதி 2பி வந்துவிடும். நம்மிடம் விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல் அது. 15-க்குள் பிஎஃப், இஎஸ்ஐ. 20-க்குள் 3பி, வரி கட்டி முடிப்பது. ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் இருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்ன் என்ற திட்டத்தைத் தேர்ந்தெடுத்த கடைகளுக்கு இந்த நெருக்கடி இன்னும் குறையும்.

ஆக, 7 முதல் 20 வரை உங்களுக்கு வீட்டில் ஆள் துணை கட்டாயம் வேண்டும். தடுப்பூசி, ஊருக்குப் போவது, மொட்டை போடுவது எல்லாவற்றையும் 21-க்கு மேல் வைத்துக்கொள்ளலாம். இப்படித் திட்டமிட முடிவதுதான் இந்த வேலையின் பெரிய வசதி. வருடத்தில் ஒரு மோசமான மாதமும் உண்டு. ஆடிட்டர் ஆபீஸில் செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் வேலை குவியும், இரவு 8 தாண்டும். கடையிலோ கம்பெனியிலோ நேரடியாக அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர்களுக்கு அந்தச் சுமை குறைவு. குழந்தை ரொம்பச் சின்னது என்றால் கடை, கம்பெனி பக்கமே பாருங்கள். வேலை வேகமாகக் கற்க வேண்டுமானால் ஆடிட்டர் ஆபீஸ். அங்கே பத்து விதமான வியாபாரத்தின் பில் ஒரே மாதத்தில் கையில் வரும்.

நான்கு மாதப் படிப்பு

நாளைக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்று திட்டம் போடுங்கள். ஏழு நாளுக்குப் போட்டால் குழந்தைக்குச் சளி பிடித்த முதல் வாரமே திட்டம் உடைந்து, அதோடு நின்றுபோகும். மீதி இரண்டு நாள் விட்டதைப் பிடிப்பதற்கு.

முதல் மாதம் டேலி, கணக்கு எழுதும் சாஃப்ட்வேர். டேலி பிரைமை எஜுகேஷன் மோடில் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே என்ட்ரி போட முடியும். சாஃப்ட்வேர் கெட்டுவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், கெடவில்லை, அதன் அமைப்பே அப்படித்தான். பயிற்சிக்கு எல்லா பில்லையும் 1-ஆம் தேதியில் போட்டுப் பழகுங்கள். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரெசீப்ட், எஃப்7 ஜர்னல், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ், எஃப்4 கான்ட்ரா (பேங்கில் பணம் போடுவது, எடுப்பது) என்று ஒவ்வொரு வகை என்ட்ரிக்கும் ஒரு கீ. மௌஸைத் தொடாமல் இந்த ஆறையும் விரல் தானாகத் தேடிப் போகும்வரை போடுங்கள். இன்டர்வியூவில் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்ததும் அவர்கள் முதலில் கவனிப்பது கை எங்கே போகிறது என்பதைத்தான்.

பயிற்சிக்குப் புத்தகக் கணக்கு வேண்டாம். வீட்டு பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்று மாதத்துக்கு எடுத்து அதை அப்படியே டேலியில் ஏற்றுங்கள். பிறகு தெரிந்த அண்ணாச்சி கடையில் கேட்டு ஐம்பது அறுபது பழைய பில் வாங்கி, பர்ச்சேஸ், சேல்ஸ் போடுங்கள். கசங்கிய பில், கார்பன் காப்பி, பாதி அழிந்த தெர்மல் தாள், இதெல்லாம் கோர்ஸில் வராது, வேலையில் தினமும் வரும். தெர்மல் பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுக்கும் பழக்கத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் மாதம் பேங்க் ரீகன்சிலியேஷன், எக்ஸெல். டேலியில் உள்ள பேங்க் பேலன்ஸும் பேங்க் காட்டும் பேலன்ஸும் ஒத்துப்போகாததற்குக் காரணம் பெரும்பாலும் நாலுதான்: கொடுத்த செக் இன்னும் பாஸ் ஆகவில்லை, பேங்க் சார்ஜை நாம் போடவில்லை, வாடிக்கையாளர் யுபிஐயில் அனுப்பியது யாரிடமிருந்து என்று தெரியாமல் விட்டுவிட்டோம், ஒரே என்ட்ரியை இரண்டு தடவை போட்டுவிட்டோம். இந்த வரிசையில் தேடினால் சீக்கிரம் சிக்கும். எக்ஸெலில் எல்லாம் தெரிய வேண்டாம். விலுக்கப் அல்லது எக்ஸ்லுக்கப், சம்இஃப்ஸ், பிவட் டேபிள், ஃபில்டர், டூப்ளிகேட் நீக்குவது, இந்த ஐந்தும் போதும்.

மூன்றாம் மாதம் ஜிஎஸ்டி. சட்டப் புத்தகத்தில் தொடங்காமல் ஒரு ஜிஎஸ்டி எண்ணிலிருந்து தொடங்குங்கள். மொத்தம் 15 இலக்கமும் எழுத்துமாக இருக்கும். முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, கேரளா 32, கர்நாடகா 29. அடுத்த பத்து அந்த வியாபாரியின் பான் எண். 13-ஆவது, அந்தப் பானில் அதே மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. கடைசி எழுத்து, எண் சரியாக அடிக்கப்பட்டிருக்கிறதா என்று சோதிப்பதற்கு. இது தெரிந்தால் பில்லைக் கையில் எடுத்ததும் பாதி வேலை முடிந்துவிடும். விற்றவர் எண் 33-இல் தொடங்கி, சரக்கும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இறங்கினால் 18 சதவீதம் 9 சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு), 9 எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்துக்கு) என்று பிரியும். 29-இல் தொடங்கி பெங்களூரிலிருந்து சரக்கு வந்தால் மொத்தமாக 18 ஐஜிஎஸ்டி, மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கான வரி. புதுச்சேரி பக்கத்தில் இருக்கிறதே என்று எஸ்ஜிஎஸ்டி போட்டுவிடுவது கடலூர், விழுப்புரம் பக்கம் அடிக்கடி நடக்கிற தப்பு.

நான்காம் மாதத்தை முழுக்க 2பி ஒத்துப் பார்ப்பதற்கே ஒதுக்குங்கள், ஏனென்றால் முதலாளிக்குப் பணம் மிச்சமாவதும் போவதும் இங்கேதான். நம் பர்ச்சேஸ் பட்டியல் ஒரு பக்கம், ஜிஎஸ்டி போர்ட்டலில் (அரசு இணையதளம்) இருந்து எடுத்த 2பி ஒரு பக்கம். ஜிஎஸ்டி எண், பில் நம்பர், தேதி, வரித்தொகை நாலையும் ஒப்பிட வேண்டும். நம் டேலியில் "23" என்று இருக்கும், 2பியில் "ஐஎன்வி/023/25-26" என்று இருக்கும். எக்ஸெல் இரண்டும் வேறு என்று சொல்லும். பில் நம்பரைப் பில்லில் உள்ளபடி ஒரு கோடு விடாமல் ஏற்றியிருந்தால் இந்தத் தலைவலி வராது. நம்மிடம் பில் இருந்து 2பியில் இல்லை என்றால் விற்றவர் இன்னும் ரிட்டர்ன் போடவில்லை அல்லது வேறு யாருடைய எண்ணிலோ போட்டுவிட்டார். அவருக்குப் போன் செய்து, அந்த மாதம் அந்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளாமல் நிறுத்தி வைக்க வேண்டும். இதை ஒரு பட்டியலாக முதலாளிக்கு அனுப்பத் தெரிந்தவருக்கும் வெறும் என்ட்ரி போடுபவருக்கும் சம்பளத்தில் நல்ல வித்தியாசம் இருக்கும்.

கோர்ஸ் தேவையா? வீட்டில் தனியாகப் படிக்க முடியாதவர்களுக்குத் தேவைதான். பத்து சாஃப்ட்வேர் சேர்த்துச் சொல்லித்தரும் விலை உயர்ந்த டிப்ளமோ வேண்டாம். சேரும் முன் ஒரு கேள்வி போதும்: "உண்மையான பில் வைத்து 2பி ரீகன்சிலியேஷன் செய்ய வைப்பீங்களா?" இல்லை என்றால் அது டேலி பட்டன் சொல்லித்தரும் வகுப்புதான். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையங்களில் பயிற்சி இலவசம், மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கின்றன. கணினிக் கணக்கியல் எப்போது நடக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

வீட்டில் இருந்த காலத்தில் மாறியவை

முன்பு அக்கவுண்ட்ஸ் வேலை பார்த்துவிட்டு 2020 வாக்கில் விட்டவர்களுக்கு இந்தப் பகுதி. பழைய ஞாபகத்தில் பதில் சொன்னால் இன்டர்வியூவில் மாட்டிக்கொள்வீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருட்களுக்கு 12, 28 சதவீத வரி கிடையாது. 5, 18 தான், சிலவற்றுக்கு 40. ஆண்டு விற்பனை 5 கோடிக்கு மேல் போனால் 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் (அரசு இணையதளத்தில் பதிந்த பில்) கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் சரக்கு போனால் 1 லட்சத்துக்கு மேல் இ-வே பில் (சரக்கோடு போகும் ஆன்லைன் அனுமதிச் சீட்டு), வெளிமாநிலம் என்றால் 50,000-க்கு மேல். 2024 அக்டோபரிலிருந்து போர்ட்டலில் ஐஎம்எஸ் என்ற பக்கம் இருக்கிறது. விற்றவர் ஏற்றிய பில்லை ஏற்கிறோமா, நிராகரிக்கிறோமா, நிறுத்தி வைக்கிறோமா என்று அங்கே குறிக்கலாம். 2025 ஜூலை மாதக் கணக்கு முதல் 3பியில் தானாக வரும் விற்பனை வரியைக் கையால் மாற்ற முடியாது. ஜிஎஸ்டிஆர்-1-இல் தப்பு செய்திருந்தால் 3பி போடும் முன் 1ஏ என்ற திருத்தப் படிவத்தில் திருத்த வேண்டும். முன்பெல்லாம் 20-ஆம் தேதி இரவு 3பியில் சரிக்கட்டிவிடலாம் என்று இருந்தார்கள், அது போயிற்று. வருமான வரியிலும் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. டிடிஎஸ் பிரிவு எண்கள் மாறியதால் 194சி, 194ஜே என்று மனப்பாடமாக வைத்திருந்ததைப் புதிதாகப் படிக்க வேண்டும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. எல்லோருக்கும் புதிதாக இருக்கும் விஷயத்தில் ஐந்து வருட இடைவெளி பெரிதாகத் தெரியாது.

இனிஷியல் சிக்கல்

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அப்பா பெயரின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், பானில் இனிஷியல் விரிவாக எழுதிய இன்னொரு பெயர். வேலை கிடைத்த பிறகுதான் இது வெடிக்கும். பிஎஃப் கணக்கில் உள்ள பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால் கேஒய்சி நிற்கும், பணம் எடுக்கும்போது அலைய வேண்டும். படிப்பு தொடங்கும்போதே ஆதார், பான், பேங்க் பாஸ்புக் மூன்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எந்தப் பெயர் என்று குழப்பமாக இருந்தால் மார்க் ஷீட்டில் உள்ளதே சிக்கல் இல்லாதது, அதை மாற்றுவதுதான் கடினம். ஏற்கனவே கணவர் பெயருக்கு மாற்றியிருந்தால், இரண்டு பெயரையும் இணைத்துக் காட்டத் திருமணப் பதிவுச் சான்றிதழ் ஒரு நகல் ஃபைலில் இருக்கட்டும். முன்பு வேலை பார்த்தவர்களுக்குப் பழைய யுஏஎன் எண், அதாவது வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண், இருக்கும். அதையே புதுக் கம்பெனியில் கொடுங்கள், புதிதாக ஒன்று எடுக்க வேண்டாம்.

டேகேர்: வேலைக்கு இரண்டு மாதம் முன்பே

வேலை கிடைத்ததும் டேகேரில் விடலாம் என்று காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. புதிதாகப் பிள்ளைகள் கூட்டத்தில் சேரும் குழந்தைக்கு முதல் சில வாரங்கள் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று மாறி மாறி வரும். அதே வாரங்கள் உங்களுக்கு வேலையில் முதல் வாரங்களாக இருந்தால், லீவு போட்டே பெயர் கெட்டுவிடும். படிப்பின் மூன்றாம் மாதத்திலேயே டேகேரில் சேர்த்து, முதல் வாரம் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு, பிறகு அரை நாள் என்று கூட்டுங்கள். அழுது தீர்க்கிற நாட்களும் அதற்குள் முடிந்துவிடும். உங்களுக்கும் படிக்க "முழு" நேரம் கிடைக்கும்.

பார்க்கப் போகும்போது சுவரில் உள்ள கார்ட்டூனை விட்டுவிட்டு, மதியம் 1:30-க்குச் சொல்லாமல் போங்கள். தூங்கும் நேரத்தில் எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள், பால் பாட்டிலை எங்கே கழுவுகிறார்கள், வாசல் கதவு உள்ளே பூட்டியிருக்கிறதா, பிள்ளையைக் கூப்பிட வேறு ஆள் வந்தால் யாரைக் கேட்பார்கள், இவ்வளவும் அப்போது தெரியும். எத்தனை மணிக்கு மேல் அபராதம், மே மாதமும் பொங்கலுக்கும் எத்தனை நாள் மூடுவார்கள் என்பதை எழுதி வாங்குங்கள்.

அங்கன்வாடியில் சாப்பாடும் முட்டையும் கிடைக்கும், பிள்ளைக்கும் பழகும். ஆனால் ஆபீஸ் விடும் வரை அங்கே வைத்திருக்க மாட்டார்கள். "எல்கேஜி போட்டுட்டா ஃப்ரீ ஆயிடுவேன்" என்பதும் பலரைக் கவிழ்த்த கணக்கு. நிறையப் பள்ளிகளில் எல்கேஜி மதியத்தோடு முடிந்துவிடும். பள்ளியிலிருந்து டேகேருக்கு யார் கொண்டுபோய் விடுவது என்ற புதுப் பிரச்சினை வரும். பள்ளியையும் டேகேரையும் நடந்து போகும் தூரத்தில் பார்க்க முடிந்தால் பள்ளியின் பெயரில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் என்றால் சட்டப்படி குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் ஆடிட்டர் ஆபீஸும் கடையும் அந்த எண்ணிக்கைக்கு எட்டாது.

கையில் என்ன நிற்கும்

ஒரு எடுத்துக்காட்டு. மாதம் 15,000 என்று பேசுகிறார்கள், முழுத் தொகைக்கும் பிஎஃப் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிஎஃப் 12 சதவீதம், 1,800. இஎஸ்ஐ 0.75 சதவீதம், 113. கைக்கு 13,087 வரும். டேகேர் 5,000, அவசரத்துக்கு ஆட்டோவும் மற்றதும் 1,000 என்றால் மீதி 7,000 சொச்சம்.

"இதுக்குப் போய் பிள்ளையை விட்டுட்டுப் போகணுமா?" என்ற பேச்சு இந்த இடத்தில்தான் வரும். டேகேர் செலவை அம்மாவின் சம்பளத்திலிருந்து மட்டும் கழிப்பதே தவறான கணக்கு. குழந்தை இரண்டு பேருக்கும் குழந்தை, செலவும் வீட்டுச் செலவு. பிஎஃபில் முதலாளி பங்கும் சேர்கிறது. 21,000-க்குள் சம்பளம் என்றால் இஎஸ்ஐயில் உங்களோடு குழந்தைக்கும் வைத்தியம் உண்டு. அடுத்த குழந்தை யோசனையில் இருந்தால் இஎஸ்ஐ வழியாகவே 26 வாரம் மகப்பேறு சம்பளம் கிடைக்கும், குறைந்தது 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். மூன்றாவது குழந்தை என்றால் 12 வாரம்தான். எனவே "பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்காம முழுசா கையில தர்றோம்" என்று சொன்னால் அது சலுகை இல்லை.

பஸ்ஸும் கணக்கில் வரும். 2021 மே முதல் சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஆபீஸ் தேடும்போது வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற தடத்தில் தேடுங்கள். இரண்டு பஸ் மாறினால் மாலையில் டேகேர் மூடும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

முழுநேரம் வேண்டாம் என்றால் பார்ட் டைம். மூன்று நான்கு கடைகளுக்குக் கணக்கு பார்த்து, கடைக்கு இவ்வளவு என்று மாதச் சம்பளம் பேசலாம். அனுபவம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். 3பி தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய், வரி இல்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய் அபராதம், கட்டாத வரிக்கு 18 சதவீத வட்டி. உங்கள் தப்பால் வந்தது என்றால் கடைக்காரர் உங்களிடம்தான் கேட்பார். ஒரு வருடம் ஆபீஸில் இருந்துவிட்டு வெளியே வாருங்கள். பி.காம். போன்ற வணிகப் படிப்பு இருந்தால் போர்ட்டலில் பிசிடி-01 படிவம் வழியாக ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்யலாம், தேர்வும் எழுத வேண்டும்.

தேடுவதும் பேசுவதும்

வேலை இணையதளங்களில் போடுங்கள், தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் இலவசமாகப் பதியுங்கள், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலக முகாம்களுக்கும் போங்கள். ஆனால் சின்ன ஊர்களில் இந்த வேலை பெரும்பாலும் வாய்மொழியாகத்தான் நிரம்புகிறது. ஒரு பக்க பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு, 21 முதல் மாதக் கடைசிக்குள், காலை 11 மணிக்கு நேராக ஆடிட்டர் ஆபீஸ்களுக்குப் போங்கள். 18-ஆம் தேதி போனால் யாரும் தலை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

பயோடேட்டாவில் இடைவெளியை மறைக்க வேண்டாம். "2020–2025: குழந்தை வளர்ப்பு. 2025: டேலி பிரைம், ஜிஎஸ்டி ரிட்டர்ன், 2பி ரீகன்சிலியேஷன் பயிற்சி, 60 பில்கள்" என்று இரண்டு வரி போதும். நீங்கள் செய்த 2பி ஷீட்டைக் கடையின் பெயர், எண்களை மறைத்துவிட்டு ஒரு பிரின்ட் எடுத்து வையுங்கள். சர்டிஃபிகேட்டைவிட அதைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் கேள்வி வந்தே தீரும். கேட்பது நியாயமா என்று அங்கே வாதாடிப் பயனில்லை, தயாரான பதில் இருந்தால் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

"குழந்தையை யாரும்மா பாத்துப்பாங்க?"

"டேகேர்ல ரெண்டு மாசமா போய்ட்டிருக்கான் சார். சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்க அப்பா கூப்பிட்டுப்பாரு. காய்ச்சல்னா முதல் நாள் நான் இருப்பேன், அடுத்த நாள் எங்க அத்தை வந்துருவாங்க. இருபதாம் தேதி வாரத்துல மட்டும் அத்தை முன்னாடியே வந்து தங்கிடுவாங்க."

"அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன் சார்" என்ற பதிலை அவர்கள் நூறு தடவை கேட்டிருப்பார்கள். மணியும் ஆளும் சொன்னால்தான் நம்பிக்கை வரும். அப்படியே நீங்களும் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: சனிக்கிழமை முழு நாளா, செப்டம்பரில் எத்தனை மணி வரை, மாதத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய டேலியை ரிமோட்டில் திறக்க வழி உண்டா.

தேடும் காலத்தில் போனுக்கு வரும் "வீட்டிலிருந்தே டைப்பிங், தினம் 2,000" வகையறாவைத் தொடவே வேண்டாம். முதலில் ரிஜிஸ்ட்ரேஷன் காசு, இல்லாவிட்டால் அக்ரிமென்ட். வேலையை முடித்துக் கொடுத்ததும் துல்லியம் போதவில்லை, நஷ்டஈடு கட்டு, கோர்ட் நோட்டீஸ் என்று மிரட்டல். வக்கீல் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் அந்தக் காகிதத்துக்குப் பயந்து பணம் கட்டாதீர்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். உங்கள் பேங்க் கணக்கு வழியாகப் பணம் வாங்கி அனுப்பும் "அக்கவுண்ட்ஸ் வேலை" இன்னும் மோசம். கணக்கு முடங்கும், போலீஸ் விசாரணை உங்கள் பெயரில் வரும்.

முதல் மாதம்

சேரும் தேதியை நீங்கள் சொல்ல முடிந்தால் 21 அல்லது 22 என்று சொல்லுங்கள். பில் சேகரிப்பதும் என்ட்ரி போடுவதுமாகப் பத்து நாள் நிதானமாகப் போகும், 7-ஆம் தேதிக்குள் கை பழகிவிடும்.

மேஜையில் ஒரு நீள நோட்டு வைத்து, ஒவ்வொரு கிளையண்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பில் வந்த தேதி, டேலியில் போட்டாயிற்றா, 2பி ஒத்துப் பார்த்தாயிற்றா, யாரிடம் எந்த பில் பாக்கி, ரிட்டர்ன் போட்டதும் போர்ட்டல் தரும் ஏஆர்என் என்ற ரசீது எண். தினமும் கிளம்பும் முன் ஐந்து நிமிடம் அதை நிரப்பிவிடுங்கள். காலை 7 மணிக்குப் பிள்ளைக்கு 102 டிகிரி காய்ச்சல் என்றால், பக்கத்து சீட்டில் இருப்பவருக்குப் போன் செய்து "நோட்டுல பதினாலாம் பக்கம் பாருங்க அக்கா, ரெண்டு பில் மட்டும்தான் பாக்கி, மத்தது முடிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போகலாம். போர்ட்டல் பாஸ்வேர்டை மட்டும் அந்த நோட்டில் எழுத வேண்டாம். ஓடிபி முதலாளி போனுக்குத்தான் போக வேண்டும், உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டால் லீவு நாளிலும் குழந்தையைக் குளிப்பாட்டும்போது ஓடிபி கேட்டுப் போன் வந்துகொண்டே இருக்கும்.